பேஸ், எமிட்டர், கலெக்டர்: ஒரு டிரான்சிஸ்டர் பயாஸ் சுற்றைக் கணக்கிட்டு, அளந்து, அலசும் முழுமையான வழிகாட்டி

டிரான்சிஸ்டர் சுற்று வேலை செய்யவில்லை என்று யாராவது என்னிடம் கொண்டுவந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அதன் மூன்று கால்களில் எவ்வளவு வோல்ட்டேஜ், அதாவது பேஸில் எவ்வளவு, எமிட்டரில் எவ்வளவு, கலெக்டரில் எவ்வளவு? மீட்டர் கையில் இருப்பதால் எண்கள் உடனே வந்துவிடும். "சரி, எவ்வளவு இருக்க வேண்டும்?" என்று அடுத்துக் கேட்டால்தான் பேச்சு நின்றுபோகும். எதிர்பார்ப்பு இல்லாமல் எடுத்த அளவீடு வெறும் எண். அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு முறையும் முதலில் தாளில் எண் எழுதுவோம், பிறகுதான் மீட்டர் முனையை வைப்போம். இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளியில்தான் டிரான்சிஸ்டர் தன்னைப் பற்றிச் சொல்கிறது.

பயாஸ் என்பது, சிக்னல் வருவதற்கு முன்னால் டிரான்சிஸ்டரை ஓர் இடத்தில் உட்காரவைப்பது. பெருக்கிச் சுற்றில் கலெக்டர் வோல்ட்டேஜ் மேலும் கீழும் ஆட வேண்டும். ஆரம்பத்திலேயே கூரையில் முட்டிக்கொண்டோ தரையில் படுத்துக்கொண்டோ இருந்தால் சிக்னலின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டுவிடும். இரண்டு பக்கமும் இடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இவ்வளவு அளவீடும்.

தேவையான பொருட்கள்

பிசி 547 டிரான்சிஸ்டர் மூன்று, முடிந்தால் ஏ, பி, சி என்று மூன்று ரகத்திலும் ஒவ்வொன்று. ரெசிஸ்டர்களில் 47 கிலோ ஓம் (மஞ்சள், ஊதா, ஆரஞ்சு) ஒன்று, 10 கிலோ ஓம் (பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு) இரண்டு, 3.3 கிலோ ஓம் (ஆரஞ்சு, ஆரஞ்சு, சிவப்பு) ஒன்று, 1 கிலோ ஓம் (பழுப்பு, கருப்பு, சிவப்பு) ஒன்று, 1.5 மெகா ஓம் ஒன்று. 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. ஒரு பிரெட்போர்டு, டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் ரெகுலேட்டட் சப்ளை. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் இவை எல்லாம் சில்லறையாகவே கிடைக்கும்.

சப்ளையில் "ரெகுலேட்டட்" என்ற சொல் முக்கியம். பழைய டிரான்ஸ்பார்மர் வகை அடாப்டரில் 12 என்று எழுதியிருந்தாலும் லோடு இல்லாதபோது 15, 16 வோல்ட் வரும். கணக்கெல்லாம் அங்கேயே தடம் புரண்டுவிடும்.

படி 1: பாகங்களை முதலில் அளந்துவிடுங்கள்

5 சதவீத ரெசிஸ்டரில் 47 கிலோ என்றால் 44.65 முதல் 49.35 வரை எதுவாகவும் இருக்கலாம். அதனால் போர்டில் செருகுவதற்கு முன் ஒவ்வொன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அளக்கும்போது இரண்டு கையாலும் கால்களைப் பிடித்தால் உங்கள் உடம்பும் இணையாகச் சேர்ந்துவிடும். 1.5 மெகா ஓமில் இந்தத் தவறு பளிச்சென்று தெரியும்.

என் மேசையில் வந்த அளவுகள்: 46.6, 9.92, 3.27, 0.992 கிலோ ஓம். சப்ளை 12.08 வோல்ட். இனி இந்த எண்களை வைத்தே போவோம். நீங்கள் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டிரான்சிஸ்டரின் தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், பிசி 547-க்கு இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 இதற்கு நேர் தலைகீழ். அங்கே எமிட்டர் இடது ஓரம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாற்றும்போது இதை மறந்தவர்கள் ஏராளம். சந்தேகம் வந்தால் மீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைப் பேஸில் வையுங்கள். கருப்பு முனையை மற்ற இரண்டு கால்களிலும் மாற்றி மாற்றி வைத்தால் இரண்டிலும் 0.6, 0.7 வாக்கில் காட்டும். சற்றே அதிகமாகக் காட்டும் கால்தான் வழக்கமாக எமிட்டர்.

படி 2: சுற்றை அமைப்பது

நாம் எடுத்துக்கொள்வது வோல்ட்டேஜ் டிவைடர் பயாஸ். சப்ளையின் பிளஸ்ஸிலிருந்து 47 கிலோ பேஸுக்கு வருகிறது. அதை மேல் ரெசிஸ்டர் என்று கூப்பிடுவோம். பேஸிலிருந்து 10 கிலோ கிரவுண்டுக்கு, அதாவது சப்ளையின் மைனஸுக்கு, போகிறது. அது கீழ் ரெசிஸ்டர். பிளஸ்ஸிலிருந்து 3.3 கிலோ கலெக்டருக்கு. எமிட்டரிலிருந்து 1 கிலோ கிரவுண்டுக்கு. அவ்வளவுதான்.

நீளமான பிரெட்போர்டுகள் பலவற்றில் ஓரத்துப் பவர் வரிசை நடுவில் துண்டாகி இருக்கும். இடது பாதியில் 12 வோல்ட் இருக்கும், வலது பாதியில் ஒன்றும் இருக்காது. அதனால் சப்ளையை அடாப்டர் முனையில் அளக்காமல், 3.3 கிலோ ரெசிஸ்டர் செருகியிருக்கும் அதே துளை வரிசையில் அளந்து பாருங்கள்.

டிரான்சிஸ்டரை மட்டும் இன்னும் செருக வேண்டாம். காரணம் படி 4-ல் இருக்கிறது.

படி 3: தாளில் முதல் கணக்கு

பேஸுக்குள் போகும் கரண்ட் மிகச் சிறியது என்று முதலில் அதை மறந்துவிடுவோம். அப்போது பேஸ் வோல்ட்டேஜ் இரண்டு ரெசிஸ்டர்கள் பங்கு போடுவது மட்டுமே:

12.08 × 9.92 / (46.6 + 9.92) = 2.12 வோல்ட்.

சிலிக்கான் டிரான்சிஸ்டரில், ஓரிரு மில்லி ஆம்பியர் ஓடும்போது, பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் சுமார் 0.65 வோல்ட் விழும். ஆக எமிட்டர் 2.12 − 0.65 = 1.47 வோல்ட். எமிட்டர் கரண்ட் 1.47 / 0.992 = 1.48 மில்லி ஆம்பியர். கலெக்டர் கரண்டும் கிட்டத்தட்ட அதே அளவு. அது 3.27 கிலோவில் ஓடும்போது 4.85 வோல்ட் விழும். கலெக்டரில் மிச்சம் 12.08 − 4.85 = 7.23 வோல்ட்.

இந்தக் கணக்கில் டிரான்சிஸ்டரின் பீட்டா, அதாவது கலெக்டர் கரண்ட் பேஸ் கரண்டைப் போல எத்தனை மடங்கு என்ற எண், எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல பயாஸ் சுற்றின் குணமே அதுதான். பீட்டா நம் கையில் இல்லை. பிசி 547-க்கு டேட்டாஷீட் தரும் வரம்பு 110-லிருந்து 800 வரை. ஏ ரகம் 110–220, பி ரகம் 200–450, சி ரகம் 420–800. இவ்வளவு அகலமான ஒன்றை நம்பி யாரும் சுற்று போட முடியாது.

தாளில் இருப்பது: பேஸ் 2.12, எமிட்டர் 1.47, கலெக்டர் 7.23.

படி 4: இப்போது அளக்கலாம்

மீட்டரின் கருப்பு முனையை முதலைக் கிளிப்பால் கிரவுண்டில் மாட்டிவிடுங்கள். இனி அதைத் தொட வேண்டியதில்லை. சிவப்பு முனை மட்டும்தான் நகரும். கை ஒன்று காலியாக இருக்கும், முனை வழுக்கி பக்கத்துக் காலோடு ஷார்ட் ஆகும் வாய்ப்பும் குறையும்.

டிரான்சிஸ்டர் இல்லாத நிலையில் பேஸ் வரிசையை அளந்தேன்: 2.12. கணக்கோடு ஒத்துப்போகிறது. பவரை நிறுத்தி, டிரான்சிஸ்டரைச் செருகி, மறுபடி பவர் கொடுத்து அதே இடத்தை அளந்தேன்: 2.08. எமிட்டர் 1.43, கலெக்டர் 7.38.

0.04 வோல்ட் எங்கே போனது? "மீட்டர் பிழை" என்று சொல்லித் தாண்டிவிட ஆசையாக இருக்கும். ஆனால் அதே மீட்டர், அதே ரேஞ்சு, அதே துளை. நடுவில் மாறியது டிரான்சிஸ்டர் ஒன்றுதான். அந்த 0.04 வோல்ட் தான் பேஸ் கரண்ட் விட்டுச்சென்ற காலடித் தடம்.

இதை எண்ணாக்க தெவெனின் தேற்றம் உதவும். பிரெஞ்சுத் தந்தித் துறைப் பொறியாளர் லியோன் சார்லஸ் தெவெனின் 1883-ல் வெளியிட்டது. டிரான்சிஸ்டர் பிறப்பதற்கு 64 ஆண்டுகளுக்கு முன்பே. பேஸின் பக்கமிருந்து பார்த்தால் அந்த இரண்டு ரெசிஸ்டரும் சப்ளையும் சேர்ந்து, 2.12 வோல்ட் பேட்டரியோடு தொடராக ஒரே ஒரு ரெசிஸ்டர் இருப்பது போலத்தான் நடந்துகொள்ளும். அந்த ரெசிஸ்டரின் மதிப்பு, இரண்டையும் இணையாகப் போட்டால் வருவது: 46.6 × 9.92 / 56.52 = 8.18 கிலோ ஓம். அதில் 0.04 வோல்ட் விழ வேண்டுமானால் கரண்ட் 0.04 / 8180, அதாவது சுமார் 4.9 மைக்ரோ ஆம்பியர்.

கலெக்டர் கரண்டை 3.27 கிலோவில் விழுந்த வோல்ட்டேஜிலிருந்து எடுக்கலாம்: (12.08 − 7.38) / 3.27 = 1.44 மில்லி ஆம்பியர். 1440 / 4.9 = 294. நம் டிரான்சிஸ்டரின் பீட்டா 300-க்கு அருகில். பி ரகம் என்று உடம்பில் எழுதியிருப்பதோடு பொருந்துகிறது.

கரண்டை அளக்க கம்பியைக் கழற்றி அம்மீட்டரை நுழைக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கே பார்த்துவிட்டீர்கள். மதிப்பு தெரிந்த ஒவ்வொரு ரெசிஸ்டரும் ஒரு கரண்ட் மீட்டர்தான். மீட்டரைக் கரண்ட் நிலையில் மறந்துவிட்டு வோல்ட்டேஜ் அளக்கப் போய் ஃபியூஸ் போகும் தொல்லையும் இல்லை.

படி 5: பேஸ் கரண்டை ஒழுங்காகப் பிடிப்பது

20 வோல்ட் ரேஞ்சில் சாதாரண மீட்டரின் கடைசி இலக்கம் 0.01 வோல்ட். ஆக நம் 0.04 என்பது 0.03-ஆகவோ 0.05-ஆகவோ இருந்திருக்கலாம். பீட்டா 300 என்றது ஒரு தோராயம்தான்.

மேல் ரெசிஸ்டரின் கரண்டிலிருந்து கீழ் ரெசிஸ்டரின் கரண்டைக் கழித்தால் பேஸ் கரண்ட் வருமே என்று பலருக்குத் தோன்றும். கொள்கை அளவில் சரி. ஆனால் இரண்டுமே 210 மைக்ரோ ஆம்பியர் வாக்கில் இருப்பவை. ரெசிஸ்டர் அளவில் 1 சதவீதம் பிசகினால் 2 மைக்ரோ ஆம்பியர் பிசகு. தேடுவதோ 5. இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சின்ன எண்ணைக் கண்டுபிடிப்பது, லாரியை ஓட்டுநரோடும் ஓட்டுநர் இல்லாமலும் எடைபோட்டு அவர் எடையைச் சொல்வது போல.

அதற்குப் பதிலாக, மிச்சமிருக்கும் 10 கிலோவைப் பேஸ் காலுக்கு நேர்த் தொடராகப் போடுங்கள். மீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து, அதன் இரு முனைகளுக்கு நடுவில் அளங்கள். எனக்கு 47.9 மில்லிவோல்ட் வந்தது. 10 கிலோவால் வகுத்தால் 4.79 மைக்ரோ ஆம்பியர். கலெக்டர் ரெசிஸ்டரில் இப்போது 4.54 வோல்ட், அதாவது 1.39 மில்லி ஆம்பியர். பீட்டா 290.

மீட்டரிலேயே டிரான்சிஸ்டரைச் செருகி பீட்டா பார்க்கும் ஓட்டை இருக்கிறதே என்று கேட்கலாம். தாராளமாகப் பாருங்கள். ஆனால் அது வேறு ஒரு வோல்ட்டேஜில், வேறு ஒரு கரண்டில் எடுத்த எண். பீட்டா கரண்டோடும் வெப்பத்தோடும் மாறுவது. உங்கள் சுற்றில் என்ன நடக்கிறதோ அதை உங்கள் சுற்றில்தான் அளக்க வேண்டும்.

அளந்து முடித்ததும் அந்த 10 கிலோவை எடுத்துவிடுங்கள்.

படி 6: லோடு லைன்

டிரான்சிஸ்டர் முழுவதும் அணைந்திருந்தால் அதன் குறுக்கே 12.08 வோல்ட், கரண்ட் பூஜ்யம். தடையே இல்லாமல் முழுவதும் கரண்டை விட்டால் 12.08 / (3.27 + 0.992) = 2.83 மில்லி ஆம்பியர். வரைதாளில் இந்த இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் அதுதான் லோடு லைன். நம் சுற்று நிற்கும் இடம் 1.44 மில்லி ஆம்பியர், 7.38 − 1.43 = 5.95 வோல்ட். கோட்டின் கிட்டத்தட்ட நட்டநடு. மேலேயும் கீழேயும் ஆட இடம் இருக்கிறது.

படி 7: அதே டிரான்சிஸ்டர், மோசமான பயாஸ்

இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். நல்ல பயாஸின் அருமை இதைச் செய்தால்தான் புரியும்.

எமிட்டர் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு எமிட்டரை நேராகக் கிரவுண்டில் சேருங்கள். டிவைடர் இரண்டையும் எடுத்துவிட்டு, பிளஸ்ஸிலிருந்து பேஸுக்கு 1.5 மெகா ஓம் ஒன்றே ஒன்று. இது ஃபிக்ஸ்டு பயாஸ். பேஸ் கரண்ட் (12.08 − 0.65) / 1.5 மெகா, அதாவது 7.6 மைக்ரோ ஆம்பியர். யார் வந்தாலும் அது மாறாது. அதனால் கலெக்டர் கரண்ட் முழுக்க முழுக்கப் பீட்டாவின் தயவில் இருக்கிறது.

மூன்று ரக டிரான்சிஸ்டர்களையும் ஒவ்வொன்றாக இரண்டு சுற்றிலும் மாற்றிப் போட்டுக் கலெக்டரைப் பாருங்கள். பீட்டா 170 உள்ள ஏ ரகம்: ஃபிக்ஸ்டு பயாஸில் 7.8 வோல்ட், டிவைடரில் 7.48. நம் 290: ஃபிக்ஸ்டில் 4.85, டிவைடரில் 7.38. பீட்டா 520 உள்ள சி ரகம்: ஃபிக்ஸ்டில் 0.1 வோல்ட், டிவைடரில் 7.32. ஃபிக்ஸ்டு பயாஸில் சி ரகம் கேட்பது 3.96 மில்லி ஆம்பியர், 3.27 கிலோ வழியாக 12.08 வோல்ட் தரக்கூடியதோ 3.69 தான். டிரான்சிஸ்டர் சாச்சுரேஷனில், அதாவது கரண்ட் இனிக் கூட முடியாத நிலையில், விழுந்துவிட்டது. இனி அது பெருக்கி இல்லை, மூடிய சுவிட்ச்.

டிவைடர் சுற்றில் இந்த ஆட்டம் ஏன் இல்லை? எமிட்டர் ரெசிஸ்டர்தான் காவல். கரண்ட் கூடினால் எமிட்டர் வோல்ட்டேஜ் ஏறும். பேஸ் அசையாமல் நிற்பதால் இரண்டுக்கும் நடுவிலான இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் கரண்ட் தானாகவே இறங்கும். டிரான்சிஸ்டரை இரண்டு விரலால் பிடித்துச் சூடேற்றிப் பாருங்கள். ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் வீதம் பேஸ்–எமிட்டர் வோல்ட்டேஜ் குறையும், பீட்டாவும் ஏறும். ஃபிக்ஸ்டு பயாஸில் கலெக்டர் எண் உங்கள் கண்முன்னே இறங்கிக்கொண்டே போகும். டிவைடரில் சில பத்து மில்லிவோல்ட்டோடு நின்றுவிடும். உடம்பை மட்டும் பிடியுங்கள். பேஸ் காலில் விரல் பட்டால் அளவே கெட்டுவிடும்.

மீட்டரும் சுற்றின் ஒரு பாகம்தான்

நல்ல டிஜிட்டல் மீட்டரின் உள் தடை 10 மெகா ஓம். மலிவான சிலவற்றில் 1 மெகா ஓம். டிவைடர் சுற்றுக்கு இரண்டும் பரவாயில்லை. முள் மீட்டர் வைத்திருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம் வகை முள் மீட்டர் 2.5 வோல்ட் ரேஞ்சில் வெறும் 50 கிலோ ஓம். அதை ஃபிக்ஸ்டு பயாஸ் பேஸில் வைத்தால் 1.5 மெகா வழியாக வரும் கரண்டு முழுவதையும் மீட்டரே குடித்துவிடும். முள் 0.39 வோல்ட் காட்டும். டிரான்சிஸ்டர் அணைந்துவிடும். "பேஸில் வோல்ட்டேஜ் இல்லை, அதனால்தான் ஓடவில்லை" என்று முடிவு கட்டுவீர்கள். முனையை எடுத்த அடுத்த நொடி அது ஓடிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால், ஒரு மீட்டரைக் கலெக்டரில் விட்டு வைத்து, இன்னொன்றால் பேஸைத் தொடுங்கள். கலெக்டர் எண் அசைந்தால் உங்கள் அளவீடு சுற்றை மாற்றுகிறது என்று பொருள்.

படி 8: எண்களை வைத்துக் கோளாறு கண்டுபிடிப்பது

மறுபடி டிவைடர் சுற்றுக்கு வாருங்கள். ஒவ்வொரு ரெசிஸ்டராகப் பிடுங்கி, மூன்று வோல்ட்டேஜையும் முன்கூட்டிச் சொல்லிப் பழகுங்கள்.

மேல் ரெசிஸ்டர் போனால் சுலபம்: பேஸ் 0, எமிட்டர் 0, கலெக்டர் 12. கீழ் ரெசிஸ்டர் போனால் பேஸுக்குக் கட்டுப்பாடே இல்லை, பேஸ் 3.6, எமிட்டர் 2.9, கலெக்டர் 3.0 வாக்கில் நின்று சாச்சுரேஷன் ஆகும். கலெக்டர் ரெசிஸ்டர் போனால் பேஸ்–எமிட்டர் வெறும் டயோடு போல ஆகி டிவைடரையே கீழே இழுத்துவிடும்: பேஸ் 0.8, எமிட்டர் 0.16, கலெக்டரும் எமிட்டரை ஒட்டியே. கலெக்டரும் எமிட்டரும் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் இரண்டிலும் ஒரே 2.8 வோல்ட்; பேஸ் அதைவிடக் கீழே 2.1-ல் கிடக்கும். பிசி 547 போன்ற என்பிஎன் வகை டிரான்சிஸ்டரில் பேஸ் எமிட்டரைவிடத் தாழ்ந்திருந்து கரண்டும் ஓடினால் அந்த டிரான்சிஸ்டரை நம்பாதீர்கள்.

எமிட்டர் ரெசிஸ்டர் திறந்துகொண்டால் வருவதுதான் ஏமாற்றுக் கோளாறு. எனக்கு ஒரு மதியம் முழுக்க இதில் போயிருக்கிறது. பேஸ் 2.1 சரியாக இருந்தது. எமிட்டர் 1.7, அதுவும் ஏறக்குறையச் சரி. கலெக்டர் மட்டும் 12. எமிட்டரில் வோல்ட்டேஜ் இருந்தால் அந்த 1 கிலோவில் கரண்ட் ஓடத்தானே வேண்டும்? ஓடவில்லை, ரெசிஸ்டரின் கால் துளையில் சரியாக இறங்கவே இல்லை. எமிட்டரிலிருந்து கிரவுண்டுக்குப் போக இருந்த ஒரே வழி என் மீட்டரின் 10 மெகா ஓம். மீட்டர் தானே சுற்றை முடித்து, தானே ஒரு வோல்ட்டேஜை உண்டாக்கிக் காட்டியது. பிடிகொடுத்தது 1.43-க்கும் 1.7-க்கும் நடுவிலான வித்தியாசம்: பேஸ்–எமிட்டர் வெறும் 0.4 வோல்ட். மில்லி ஆம்பியர் ஓடும் சிலிக்கான் சந்தியில் 0.4 இருக்காது, மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவாக ஓடினால்தான் அவ்வளவு இறங்கும். அன்றிலிருந்து பேஸையும் எமிட்டரையும் தனித்தனியாகப் பார்ப்பதோடு நிற்காமல், கழித்தும் எழுதிக்கொள்கிறேன்.

படி 9: சிக்னலுக்கு முன் கடைசிச் சோதனை

இந்த நிலையில் பெருக்கம் சுமார் 3.27 / 0.992, அதாவது 3.3 மடங்குதான். எமிட்டர் ரெசிஸ்டருக்கு இணையாக 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் ஏசி சிக்னலுக்கு அந்த ரெசிஸ்டர் மறைந்துவிடும். மிஞ்சுவது டிரான்சிஸ்டரின் உள் எமிட்டர் தடை, 26 மில்லிவோல்ட் / 1.44 மில்லி ஆம்பியர் = 18 ஓம். கலெக்டரில் வேறு லோடு இல்லாவிட்டால் பெருக்கம் 180 மடங்கு வரை போகும். கெப்பாசிட்டரின் பிளஸ் கால் எமிட்டர் பக்கம்.

போட்டதும் மூன்று வோல்ட்டேஜையும் மறுபடி அளங்கள். கெப்பாசிட்டர் டிசியை விடாது என்பதால் எதுவும் மாறக் கூடாது. கெப்பாசிட்டர் ஒழுகினால், எமிட்டரை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது. பேஸ் பிடித்து வைத்திருப்பதால் எமிட்டர் 1.4-ஐ ஒட்டியே நிற்கும். ஒழுகும் கூடுதல் கரண்ட் கலெக்டர் வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே 7.38 அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். 6-க்கோ 5-க்கோ இறங்கியிருந்தால் கெப்பாசிட்டரை மாற்றுங்கள். அசையவில்லை என்றால் சிக்னல் கொடுக்கலாம்.